சுருங்காத புவியீர்ப்பு

போர்க்காலத் திரைப்படங்களில் டாங்கி ஒன்று மேட்டின் மீது ஏறி மறுபுறம் இறங்கும் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு, அது உண்மையான வண்டியா, சிறியதாகச் செய்யப்பட்ட மாதிரியா என்பது பெரும்பாலும் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. நிறமும் துருவும் சேறும் பற்றவைப்புத் தழும்புகளும் எள்ளளவும் பிசகாமல் செய்யப்பட்டு, அசையாத ஒளிப்படத்தில் தேர்ந்த கண்ணையும் ஏமாற்றக்கூடிய மாதிரிகூட, நகரத் தொடங்கியதும் தன் உண்மையான அளவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அளவை ஒப்பிட்டுச் சொல்ல அருகில் மனிதரோ மரமோ இல்லாதபோதும் இது நேர்வதால், கண் எதைக் கொண்டு அளவைக் கண்டறிகிறது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இயற்பியலே, ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் பெரிய அளவுக் கவச வாகன மாதிரிகளைக் கட்டுவோர் சந்திக்கும் ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களுக்கும் வேராக இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டி

மாதிரி கட்டுவோர் மிகுதியாக விரும்பித் தேர்ந்தெடுக்கும் வண்டிகளுள் ஒன்று, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பயன்படுத்திய டைகர் 1 என்னும் கனரக டாங்கி. ஜெர்மனியின் காசெல் நகரில் இருந்த ஹென்ஷல் ஆலையில் 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,350 டைகர்கள் கட்டப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. 1943இல் துனீசியாவில் பிரிட்டிஷ் படைகளால் கைப்பற்றப்பட்ட 131ஆம் எண் வண்டி, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் பேணப்பட்டு வருகிறது.

குழலின் முனை வரை 8.45 மீட்டர் நீளமும், 3.7 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் கொண்ட இந்த வண்டி, போருக்கு ஆயத்தமான நிலையில் ஏறத்தாழ 57 டன் எடையுடையது. முன்புறக் கவசத்தின் தடிமன் 100 மில்லிமீட்டர். 700 குதிரைத்திறன் கொண்ட மேபாக் எஞ்சின், நல்ல சாலையில் அதை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தவல்லது.

மாதிரிகளின் உலகில் 1/16 என்ற அளவுவிகிதம், அதாவது உண்மையான நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது, மிகவும் பரவலானது. அந்த அளவில் டைகரின் நீளம் 53 சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் அதை மேசை மீது வைத்துவிடலாம். ‘பெரிய அளவு’ என்று இத்துறையினர் சொல்லும்போது பெரும்பாலும் 1/6 அல்லது அதைவிடப் பெரிய விகிதங்களையே குறிக்கிறார்கள். ஆறடி மனிதனை ஓரடியாகக் குறைக்கும் இந்த 1/6 விகிதம், 1964இல் அமெரிக்காவில் வெளிவந்த ஜி.ஐ. ஜோ போன்ற போர்வீரர் பொம்மைகளின் அளவோடு பொருந்துவதால், வண்டியோடு அதன் வீரர்களையும் சேர்த்து அமைக்க வாய்ப்பளிக்கிறது. டைகரை இந்த விகிதத்தில் சுருக்கினால் 1.41 மீட்டர் நீளமும் 62 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஓர் உலோக வண்டி கிடைக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வண்டியையே பின்தொடர்கிறது.

நீளம், பரப்பு, கன அளவு

நீளம் ஆறில் ஒரு பங்காகும்போது எடையும் ஆறில் ஒரு பங்காகும் என்று முதலில் தோன்றுவது இயல்பு. அப்படியானால் மாதிரி ஒன்பதரை டன் எடை இருக்கவேண்டும். உண்மையில் என்ன ஆகிறது என்பதை வெல்லக் கட்டி போன்ற ஒரு கனச்சதுரத்தைக் கொண்டு எளிதில் அறியலாம். பெரிய கட்டி ஒன்றை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் ஆறாறு பகுதிகளாக வெட்டினால் 6 பெருக்கல் 6 பெருக்கல் 6, அதாவது 216 சிறு கட்டிகள் கிடைக்கும். ஒவ்வொரு சிறு கட்டியின் ஒரு முகம் பெரிய கட்டியின் முகத்தில் 36இல் ஒரு பங்காகவும், அதன் எடை 216இல் ஒரு பங்காகவும் இருக்கும்.

ஆகவே ஒரே சுருக்கத்தில் மூன்று வேறு விகிதங்கள் தோன்றுகின்றன. நீளங்கள் 6 மடங்கு குறைகின்றன, பரப்புகள் 36 மடங்கு குறைகின்றன, எடைகள் 216 மடங்கு குறைகின்றன. டைகரின் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு கவசத் தகடும் அதே எஃகில் மிகச் சரியாகச் சுருக்கப்பட்டால் மாதிரி ஏறத்தாழ 264 கிலோகிராம் எடை இருக்கும்.

நடைமுறையில் மாதிரிகள் அந்த எடையை எட்டுவதில்லை. 16.7 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கவேண்டிய முன்கவசத்தை மாதிரி கட்டுவோர் சில மில்லிமீட்டர் எஃகுத் தகட்டிலோ அலுமினியத்திலோ செய்கிறார்கள். எஞ்சினும் குண்டுகளும் ஐந்து வீரர்களும் அடைத்துக்கொண்டிருந்த உள்வெளி இங்கே பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. இவற்றைக் கருதி, இனி வரும் கணக்குகளுக்கு மாதிரியின் எடை 120 கிலோகிராம் எனக் கொள்ளலாம்.

மிஞ்சி நிற்கும் வலிமை

கவசத்தை இப்படி மெலிதாக்கியும் மாதிரி ஏன் நெளிந்துபோவதில்லை என்பதற்கும் மேற்கண்ட மூன்று விகிதங்களே விடை தருகின்றன. ஒரு தூணோ அச்சோ தாங்கக்கூடிய சுமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. அது தாங்கவேண்டிய சுமையோ வண்டியின் கன அளவைச் சார்ந்தது. 1/6 மாதிரியில் தாங்கும் திறன் 36 மடங்கு குறையும்போது தாங்கவேண்டிய எடை 216 மடங்கு குறைவதால், ஒவ்வொரு உறுப்பும் தன் மூல வடிவத்தைவிட ஆறு மடங்கு சுலபமாகத் தன் சுமையைச் சுமக்கிறது.

இந்த உண்மையை 1638இல் வெளிவந்த தம் நூலில் கலீலியோ தெளிவாக விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பைப் போல அதே உருவ விகிதத்தில் வளர்ந்தால் தன் எடையைத் தாங்க முடியாமல் முறியும் என்பதையும், அதனாலேயே பெரிய உடல்களுக்கு அளவுக்கு மீறித் தடித்த எலும்புகள் தேவைப்படுகின்றன என்பதையும் அவர் படம் வரைந்து காட்டினார். மாதிரி கட்டுவோர் அந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். சிறிதாகும்போது எலும்பு மெலியலாம் என்பதால்தான் டைகரில் வார்ப்பெஃகாக இருந்த சில உறுப்புகளை அவர்களால் அலுமினியத்தில் செய்யமுடிகிறது.

வலிமை உண்மையில் தேவைப்படும் இடம் தடப்பட்டை. வண்டியின் இருபுறமும் சுற்றிவரும், இரும்புக் கண்ணிகளை ஊசிகளால் கோத்த தொடரே இங்கே தடப்பட்டை எனப்படுகிறது. டைகரில் ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள் இருந்தன. மாதிரியிலும் அதே 96 வேண்டும். நுணுக்கமான பள்ளமும் மேடும் கொண்ட இந்தக் கண்ணிகளை வார்ப்பதற்கு, ஐம்பொன் சிலை வார்ப்போர் கையாளும் மெழுகு வார்ப்பு முறையின் தொழிற்சாலை வடிவம் பயன்படுகிறது. மெழுகில் செய்த உருவைக் காப்புப் பூச்சால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் ஒவ்வொரு சுற்றிலும் மணலோடு உராய்ந்து தேய்வதால், சில காலம் ஓடிய மாதிரியின் பட்டை தளர்ந்து தொய்வதும், அதைக் கண்காணித்து இறுக்குவதும் உண்மையான டாங்கியைப் போலவே இங்கும் ஓயாத வேலையாகின்றன.

தரையில் பதியாத தடம்

போரில் டைகரின் எடை அதைச் சேற்றில் அமிழ்த்திவிடாமல் காத்தது அகன்ற தடப்பட்டை. போருக்கான பட்டையின் அகலம் 72.5 சென்டிமீட்டர், ரயிலில் ஏற்றும்போது அகலம் வரம்பை மீறியதால் அதைக் கழற்றிவிட்டு 52 சென்டிமீட்டர் அகலமுள்ள வேறொரு பட்டையை மாட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொட்டதால், 57 டன் எடை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிலோகிராம் என்ற அழுத்தமாகப் பரவியது.

மாதிரியில் பட்டையின் தொடுபரப்பு 36 மடங்கு குறைந்து ஏறத்தாழ 1,450 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. 120 கிலோகிராம் அதன்மீது பரவும்போது சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.08 கிலோகிராம் மட்டுமே. இரு கால்களையும் ஊன்றி நிற்கும் மனிதரின் பாதம் தரும் அழுத்தத்தில் இது பாதியைக்கூட எட்டாது. மண்ணின் உறுதியோ மாதிரிக்காகக் குறைவதில்லை. எனவே உண்மையான டைகர் ஆழமாக உழுதுசெல்லும் ஈர நிலத்தில் மாதிரி மேலோட்டமான கோடுகளை மட்டுமே பதிக்கிறது. கண் அளவைக் கண்டுபிடிக்க உதவும் முதல் தடயம் இந்த எடையின்மை. அதை மறைக்கவே சிலர் நுண்மணலையோ புதிதாகக் கிளறிய மென்மண்ணையோ தேடி மாதிரியை ஓட்டுகிறார்கள்.

காலமும் சுருங்குகிறது

இரண்டாவது தடயம் இன்னும் வலுவானது. நீளம், பரப்பு, எடை ஆகிய எல்லாவற்றையும் மாதிரி கட்டுவோர் சுருக்கலாம், ஆனால் பூமியின் ஈர்ப்பை எவராலும் சுருக்க முடியாது. டைகர் 60 சென்டிமீட்டர் உயரத் திட்டிலிருந்து விழுவதாகக் கொண்டால், தரையைத் தொட அதற்கு 0.35 நொடி ஆகும். 1/6 மாதிரிக்கு அந்தத் திட்டு 10 சென்டிமீட்டர் ஆகிறது. அதிலிருந்து விழ மாதிரிக்கு 0.14 நொடி போதும். உயரம் 6 மடங்கு குறைந்தபோது நேரம் 6 மடங்கு குறையாமல் ஏறத்தாழ 2.45 மடங்கே குறைந்திருக்கிறது. ஆறின் வர்க்கமூலம், அதாவது தன்னைத்தானே பெருக்கினால் ஆறு வரக்கூடிய எண், இந்த 2.45 என்பதே.

இந்த விதியை நடைமுறை அறிவியலாக்கியவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். கப்பலைக் கட்டும் முன்பே அதன் சிறு மாதிரியை நீரில் இழுத்துப் பார்த்து, பெரிய கப்பல் எதிர்கொள்ளவிருக்கும் அலைத்தடையைக் கணிக்கும் வழியை அவர் வகுத்தார். அதற்கென நீண்ட நீர்த்தொட்டி ஒன்று 1872 அளவில் இங்கிலாந்தின் டார்கீ நகரில் பிரிட்டிஷ் கடற்படையின் ஆதரவோடு இயங்கத் தொடங்கியது. மாதிரியின் வேகத்தை நீள விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைத்தால் மட்டுமே மாதிரி எழுப்பும் அலைகள் பெரிய கப்பலின் அலைகளோடு ஒத்துப்போகும் என்பது அவர் நிறுவிய கொள்கை. எடையும் வேகமும் ஆட்சி செய்யும் இயக்கங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இங்கே இதை ‘இயக்க ஒப்புமை’ என்று குறிக்கலாம்.

இதன்படி 1/6 டைகரின் உச்ச வேகம் என்னவாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு நேர்மையான விடைகள் உள்ளன. மணிக்கு 40 கிலோமீட்டரை 6ஆல் வகுத்தால் 6.7 கிலோமீட்டர் வருகிறது. தன் உடல் நீளத்தைக் கடக்க உண்மையான வண்டி எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தை மாதிரியும் எடுத்துக்கொள்ளும் வேகம் இது. 40ஐ 2.45ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 16 கிலோமீட்டரோ, மாதிரி மேடுபள்ளங்களில் உண்மையான வண்டியைப் போலவே எம்பியும் அமிழ்ந்தும் செல்லும் வேகம். முதல் வேகத்தில் ஓடினால் மாதிரி கம்பீரமாகத் தோன்றும், ஆனால் மேட்டைக் கடக்கையில் உண்மையான வண்டியைப் போல எம்பாது. இரண்டாம் வேகத்தில் சரியாக எம்பும், ஆனால் எல்லாமே பரபரப்பாக நடப்பதாகத் தோன்றும்.

திரைப்படத் தொழில்நுட்பர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். மாதிரியை இயக்க ஒப்புமை கோரும் வேகத்தில் ஓட்டி, வழக்கமான 24 படச்சட்டங்களுக்குப் பதிலாக நொடிக்கு 59 படச்சட்டங்கள் என்ற கணக்கில் பதிவுசெய்து, பிறகு 24 வீதம் திரையிட்டால், சுருங்கிய காலம் மீண்டும் 2.45 மடங்கு விரிந்து உண்மையான எடையின் தோற்றம் கிடைத்துவிடுகிறது. நேரில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை என்பதால், மாதிரி கட்டுவோர் வேறு உறுப்பை நாடவேண்டியிருக்கிறது.

முறுக்குத் தண்டின் கணக்கு

அந்த உறுப்பு, வண்டியின் அடியில் மறைந்திருக்கும் முறுக்குத் தண்டு. டைகரின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு அச்சுகளில் பெரிய தாங்கு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதைப் போலப் பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு அச்சும் ஒரு சிறு கைநெம்பின் முனையில் இருந்தது. அந்த நெம்பின் மறுமுனை, வண்டியின் குறுக்கே நீண்டு எதிர்ப்பக்கத்தில் இறுகப் பொருத்தப்பட்ட எஃகுத் தண்டோடு இணைந்திருந்தது. சக்கரம் மேடேறும்போது தண்டு முறுகும், பள்ளம் வந்ததும் முறுக்கு அவிழும். சுருள்வில் செய்யும் வேலையை இந்த நேரான தண்டே செய்துவிடுகிறது.

இந்தத் தண்டை அதே எஃகில் ஆறில் ஒரு பங்காக மிகச் சரியாகச் சுருக்கி மாதிரியில் வைத்தால் என்ன நேரும் என்பதே இந்த அத்தியாயத்தின் மையக் கணக்கு. முறுகலை எதிர்க்கும் விறைப்பு, தண்டின் விட்டத்தை நான்கு முறை அடுக்கிப் பெருக்கிய அளவுக்குக் கூடும். தண்டு நீண்டால் அதே விகிதத்தில் குறையும். விட்டமும் நீளமும் 6 மடங்கு குறைகையில் விறைப்பு 216 மடங்கு குறைகிறது. தண்டை முறுக்கும் விசையோ, 216 மடங்கு குறைந்த எடையும் 6 மடங்கு குறைந்த நெம்பும் சேர்ந்து 1,296 மடங்கு குறைந்துவிடுகிறது. ஆகவே மாதிரியின் தண்டு, மூலத் தண்டு முறுகும் கோணத்தில் ஆறில் ஒரு பங்கே முறுகும். வண்டியின் கண்ணுக்குத் தெரியாத உறுப்பு ஒன்று அணுவும் பிசகாமல் நகலெடுக்கப்பட்ட காரணத்தாலேயே, கண்ணுக்குத் தெரியும் அசைவு முற்றிலும் பொய்யாகிவிடுகிறது.

நேரத்தில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். உண்மையான வண்டி திடீரென நிற்கும்போது முன்பின்னாக ஒருமுறை ஆட 1 நொடி ஆவதாகக் கொண்டால், அப்படியே நகலெடுத்த தண்டுகள் கொண்ட மாதிரிக்கு அந்த ஆட்டம் ஆறில் ஒரு நொடியில் முடிந்துவிடும். அது கண்ணுக்கு ஆட்டமாகவே படாமல் வெறும் நடுக்கமாகப் படுகிறது. பொம்மை வண்டிகளின் ஓட்டத்தில் எல்லோரும் காணும் படபடப்புக்குக் காரணம் இதுவே.

தீர்வு, தண்டை ஆறு மடங்கு இளக்கமாக்குவது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்திருப்பதால் விட்டத்தைச் சிறிதளவு குறைத்தாலே போதும். நேர்ச் சுருக்கத்தில் தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டராக வருவதாகக் கொண்டால், 6.4 மில்லிமீட்டர் தண்டு ஆறு மடங்கு இளக்கத்தைத் தந்துவிடும். மாதிரியின் எடை 264க்குப் பதிலாக 120 கிலோகிராமே என்பதையும் கணக்கில் சேர்த்தால் 5.3 மில்லிமீட்டர் தண்டு பொருத்தமாகும். அதே கோணத்துக்கு முறுகினாலும் மெல்லிய தண்டுக்குள் எழும் தகைவு, அதாவது உள்ளே இழுபடும் அளவு, தடித்த தண்டில் எழுவதைவிடக் குறைவு என்பதால் முறிந்துவிடும் அச்சமும் இல்லை. இப்படித் திருத்திய மாதிரி முன்பின்னாக ஆட 0.41 நொடி எடுத்துக்கொள்ளும். இயக்க ஒப்புமை அனுமதிக்கும் அளவும் இதுவேதான்.

இன்னும் இளக்கி ஒரு முழு நொடியை எட்டிவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் மாதிரி தன் எடையால் உண்மையான டைகர் அமிழும் அதே சென்டிமீட்டர் அளவுக்கு அமிழவேண்டும்; உண்மையான வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இருந்த 47 சென்டிமீட்டர் இடைவெளி மாதிரியில் 8 சென்டிமீட்டராகிவிட்டதால், அதற்கு இடமே இருக்காது. புவியீர்ப்பு வகுத்த எல்லை இங்கே கையால் தொடக்கூடிய அளவுக்கு வெளிப்படையாகிறது.

நேராகச் செல்வதும் திரும்புவதும்

மாதிரிக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பதையும் இதே வழியில் கணிக்கலாம். 700 குதிரைத்திறன் என்பது 515 கிலோவாட். இயக்க ஒப்புமையில் எடை 216 மடங்கும் வேகம் 2.45 மடங்கும் குறைவதால், ஆற்றல் ஏறத்தாழ 530 மடங்கு குறைந்து 970 வாட் ஆகிறது. மாதிரியின் எடை 120 கிலோகிராமாக இருந்தால் 440 வாட் போதும். பக்கத்துக்கு ஒன்றாக 250 வாட் திறனுள்ள இரண்டு மின்மோட்டார்கள் இதற்கு நிறைவாக அமைகின்றன. மின்சாரச் சக்கர நாற்காலிகளில் பயன்படும் 24 வோல்ட் மோட்டார்கள் ஏறக்குறைய இந்த வரம்பில் கிடைப்பதும், மெதுவான வேகத்தில் பெரும் சுமையை நகர்த்துவதற்கென்றே அவை பற்சக்கரப் பெட்டியோடு வருவதும், பெரிய மாதிரிகளுக்கு அவற்றைப் பொருத்தமாக்குகின்றன.

ஆனால் இந்தக் கணக்கு நேராகச் செல்வதற்கு மட்டுமே உரியது. தடப்பட்டை வண்டிக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. ஒரு பட்டை வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடுவதால் அது திரும்புகிறது, அப்போது இரு பட்டைகளும் தரையில் பக்கவாட்டாகத் தேய்ந்தே ஆகவேண்டும். உறுதியான தரையில் 120 கிலோகிராம் மாதிரியை நேராக நகர்த்த அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 6 கிலோகிராம் இழுவிசை போதுமானது. நின்ற இடத்திலேயே திரும்புவதற்கு, தரையின் உராய்வை நடுத்தரமாகக் கொண்டாலும், ஒவ்வொரு பட்டைக்கும் 23 கிலோகிராம் வீதம் 46 கிலோகிராம் தேவைப்படுகிறது. நேராகச் செல்வதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு இது. நேர்ச்சாலையில் கம்பீரமாக ஓடும் மாதிரி புல்தரையில் திரும்பும்போது நின்றுபோவதும், மின்கம்பிகள் சூடேறுவதும், பட்டை பற்சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடுவதும் இந்த எட்டு மடங்கின் விளைவுகள்.

பட்டையின் தொடுநீளத்துக்கும் இரு பட்டைகளின் இடைவெளிக்கும் உள்ள விகிதமே இந்தத் தடையைத் தீர்மானிக்கிறது. விகிதம் என்பதால் அது சுருக்கத்தில் மாறுவதில்லை; டைகரை வடிவமைத்தவர்கள் எதிர்கொண்ட அதே சிக்கலை அதே கடுமையோடு மாதிரியும் எதிர்கொள்கிறது. அவர்கள் இரட்டை வேறுபாட்டுப் பற்சக்கர அமைப்பின் வழியே உட்புறப் பட்டையின் ஆற்றலை வெளிப்புறப் பட்டைக்குத் திருப்பிவிட்டார்கள். மாதிரியில் தரமான மின்கட்டுப்பாட்டுக் கருவி, வேகம் குறைக்கப்படும் மோட்டாரை மின்னாக்கியாக மாற்றி அந்த ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது.

வானலைக் கட்டளை

ஓட்டுநர் கையிலுள்ள ஒரே நெம்புகோலை இரண்டு மோட்டார்களுக்கான கட்டளையாக மாற்றுவது கலவைச் சுற்று எனப்படும் மின்னணுப் பகுதி. அதன் வேலை எளிய கூட்டலும் கழித்தலுமே. முன்னோக்கி 60, வலப்புறம் 20 என்று கட்டளை வந்தால் இடப்பட்டைக்கு 80, வலப்பட்டைக்கு 40 என்று அது பிரித்துத் தருகிறது. முன்னோக்கி எதுவுமில்லாமல் வலப்புறம் 50 என்றால் இடப்பட்டை 50 முன்னும் வலப்பட்டை 50 பின்னுமாகச் சுழன்று, வண்டி நின்ற இடத்தில் திரும்புகிறது. இவ்வாறு திரும்புவது உண்மையான டைகராலும் முடிந்த செயலே.

இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டரே என்பதால் 3 சென்டிமீட்டர் கம்பியே போதிய ஏற்பி ஆகிவிடுகிறது. ஆனால் உலோகத்தால் முழுதும் மூடிய கூட்டுக்குள் வானலை நுழையாது. பிளாஸ்டிக் மாதிரிகளில் எழாத இந்தச் சிக்கல் எஃகு மாதிரிகளில் எழுவதால், ஏற்பியின் முனையைக் கவசத்துக்கு வெளியே, உலோகமல்லாத ஏதேனும் ஒரு பாகத்தின் மறைவில் கொண்டுவரவேண்டும்.

சமிக்ஞை அறுந்தால் மோட்டார்கள் தாமாகவே நின்றுவிடும் ஏற்பாட்டைக் காப்புநிலை எனலாம். சிறிய பொம்மையில் இது வசதி; 120 கிலோகிராம் எஃகு மனிதர் நடக்கும் வேகத்தில் ஓடும்போது உயிர்ப் பாதுகாப்பு. கையால் சட்டென்று அழுத்தி மின்னோட்டத்தை முற்றிலும் துண்டிக்கும் வெளிப்புறப் பொத்தானும் அதற்குத் துணையாக இருக்கவேண்டும்.

சுருக்கத்துக்கு உட்படாதவை

புவியீர்ப்பைத் தவிர வேறு சிலவும் சுருங்க மறுக்கின்றன. பாதையில் கிடக்கும் 2 சென்டிமீட்டர் கூழாங்கல், மாதிரியின் உலகில் 12 சென்டிமீட்டர் பாறைக்குச் சமம்; அது பின்னிக் கிடக்கும் தாங்கு சக்கரங்களுக்கிடையே சிக்கினால் பட்டை இறுகி நின்றுவிடும். ரஷ்யக் குளிரில் இதே சக்கரங்களுக்கிடையே சேறும் பனியும் உறைந்து உண்மையான டைகர்களை முடக்கியதுண்டு.

புகையும் அப்படியே. புகையின் சுருள்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் நீடிப்பவை என்பது காற்றின் பிசுபிசுப்பையும் சார்ந்தது. மாதிரிக்கென்று வேறு காற்று கிடையாது என்பதால், எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கும் புகை குழாயிலிருந்து சன்னமாக வெளியேறி விரைவில் கலைந்துவிடுகிறது. ஒலியின் நிலை சற்று நல்லது. நான்கு வீச்சுகளில் இயங்கும் பன்னிரண்டு உருளை எஞ்சின், நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் நொடிக்கு 300 முறை வெடிக்கிறது. மெதுவாக இயங்கும்போது அந்த ஒலி ஆழ்ந்த உறுமலாகிறது. தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்கவேண்டும், அதற்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும். 1/16 மாதிரியின் கூட்டில் சிறிய ஒலிபெருக்கியை மட்டுமே அடைக்க முடியும். 1/6 மாதிரியின் கூடு 20 சென்டிமீட்டர் ஒலிபெருக்கியையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், பதிவுசெய்த எஞ்சின் ஒலி அதிலிருந்து நெஞ்சில் அதிரும் வலிவோடு வெளிப்படுகிறது. பெரிய அளவை நாடுவோரின் விருப்பத்துக்கு இயற்பியல் தரும் நியாயங்களுள் இதுவும் ஒன்று. இயக்க ஒப்புமையில் 1/16 மாதிரிக்குக் காலம் 4 மடங்கு சுருங்கும்போது 1/6 மாதிரிக்கு 2.45 மடங்கே சுருங்குகிறது என்பது மற்றொன்று.

எதற்கு உண்மையாக இருப்பது

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், ஒரே மாதிரி எல்லா வகையிலும் மூலத்துக்கு உண்மையாக இருக்க முடியாது என்பது தெளிவாகிறது. உருவத்துக்கு உண்மையான தண்டு அசைவைப் பொய்யாக்குகிறது. அசைவுக்கு உண்மையான வேகம் தோற்றத்தின் கம்பீரத்தைக் குலைக்கிறது. எடைக்கு உண்மையான கவசம், தூக்கவும் நிறுத்தவும் முடியாத 264 கிலோகிராம் சுமையாகிறது. மாதிரி கட்டுவோர் எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பது என்பதை முதல் தகட்டை வெட்டுமுன்பே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், இந்தக் கலை வெறும் நகலெடுப்பாக இல்லாமல் தேர்ந்த பொறியியல் தீர்ப்பாக உயர்கிறது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் பேணி, கண்ணுக்குத் தெரியாத தண்டையும் பற்சக்கரப் பெட்டியையும் எடைப் பங்கீட்டையும் மாதிரியின் உலகுக்கு ஏற்ப மாற்றியமைப்பதே சிறந்த மாதிரிகள் பின்பற்றும் நெறி.

இந்தத் தீர்ப்பு விளையாட்டுக் களத்தோடு நின்றுவிடுவதுமில்லை. அணையின் மதகு வழியே வெள்ளம் எப்படிப் பாயும் என்பதை அணை கட்டுமுன்பே அறியவேண்டியிருக்கிறது. அதற்காகத் தமிழ்நாட்டின் பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் அணைகளின் மாதிரிகளைக் கட்டி நீரைப் பாய்ச்சிப் பார்க்கும் பொறியாளர்கள், ஃப்ரூட் வகுத்த அதே வர்க்கமூல விதியால்தான் மாதிரியில் அளந்த வேகத்தை உண்மையான வெள்ளத்தின் வேகமாக மாற்றுகிறார்கள். அவர்களும் ஓட்டத்தின் வேகத்தைக் காப்பதற்காக நீரின் பிசுபிசுப்பில் எழும் சிறு பிழையை அறிந்தே ஏற்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு போர் வண்டியைப் பட்டறையில் மீண்டும் உருவாக்க முயலும் ஒருவர், தண்டின் விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 5.3 மில்லிமீட்டராகக் குறைக்கும்போது, அணையின் பாதுகாப்பைக் கணிக்கும் அறிவியலின் அதே முறையையே தம் கையால் கற்றுக்கொள்கிறார்.